கடைசி வரை விலகாத வேட்பாளர்

1972 ஜனவரி 25. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள கான்கார்டு பாப்திஸ்து தேவாலயத்தில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிடப் போவதாக அறிவித்தார் ஷெர்லி சிஷோம். பெரிய கட்சி ஒன்றில் அந்தப் போட்டிக்கு இறங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். நாடாளுமன்றத்தில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தது. கையில் பணம் இல்லை.

1924இல் பிறந்த ஷெர்லியின் தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து பிழைக்க வந்தவர். சாக்குத் தொழிற்சாலைக் கூலி. பார்படோசிலிருந்து வந்த தாய் தையலும் வீட்டு வேலையும் செய்தார். வருமானம் போதாமல் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பார்படோசில் பாட்டியிடம் விட்டிருந்தார்கள். ஷெர்லி 1946இல் புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்று, மழலையர் பள்ளி ஆசிரியரானார். வட்டாரக் கட்சி மன்றத்தில் நிதி திரட்டும் வேலை பெண்களுக்கு, மேடை ஆண்களுக்கு என்றிருந்தது. அதைக் கேள்வி கேட்டுத்தான் அரசியலுக்குள் வந்தார். 1964இல் மாநிலச் சட்டமன்றம், 1968இல் நாடாளுமன்றம். அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. புதியவரை வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். புரூக்ளினில் வயலுக்கு எங்கே போவது? வெளிப்படையாக எதிர்த்து வேறு குழுவுக்கு மாறினார்.

நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையிடமிருந்து வரும். அங்கே மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்களே ஓட்டுப் போடுவார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். அதில் கிடைக்கும் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடி வேட்பாளரைத் தீர்மானிப்பார்கள். ஒரு மாநிலத்தில் சறுக்கினால் அடுத்த மாநிலத்தில் நன்கொடை வற்றும். பத்திரிகையாளர்களும் வேறு வேட்பாளரின் பின்னால் போய்விடுவார்கள்.

சிஷோமுக்கு நடந்தது அதுதான். மார்ச் 14இல் புளோரிடாவில் சுமார் 4 சதவீத ஓட்டே கிடைத்தது. வென்றவர் நிறப் பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்து அரசியல் செய்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். அதே மார்ச்சில் இந்தியானாவின் கேரி நகரில் கூடிய கறுப்பின அரசியல் மாநாடும் சிஷோமை ஆதரித்துத் தீர்மானம் போடவில்லை. தங்களைக் கேட்காமல் அறிவித்துவிட்டார் என்பது ஆண் தலைவர்களின் குறை. ஜெயிக்கக்கூடிய வெள்ளையரோடு பேரம் பேசுவதே லாபம் என்பது அவர்களில் பலரின் கணக்கு. பெண்ணுரிமைத் தலைவர்கள் சிலரும் ஒரு கையால் அவரை வாழ்த்திவிட்டு மறு கையை ஜார்ஜ் மெக்கவர்னுக்கு நீட்டினார்கள். பிளாக் பாந்தர் கட்சி ஆதரவு தந்தபோது அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயரைப் பின்பற்றி பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் தோன்றியதும் அதே 1972இல்தான்.

சிஷோம் பக்கமும் பிழை உண்டு. மொத்தச் செலவு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். அதை ஓரிரு மாநிலங்களில் குவிக்காமல் பல மாநிலங்களில் சிதறவிட்டார். சில ஊர்களில் வெள்ளைப் பெண்களும் கறுப்பின இளைஞர்களும் பிரசாரம் யார் கையில் என்று இழுபறி நடத்தினார்கள்.

மே 15இல் வாலஸ் சுடப்பட்டார். சிஷோம் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். சொந்த ஆதரவாளர்களே கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் வருந்தவில்லை. கலிபோர்னியா பிரைமரிக்கு முன் மெக்கவர்னும் ஹம்ப்ரியும் தொலைக்காட்சியில் விவாதிக்க, சிஷோமை அழைக்கவே இல்லை. நீதிமன்றம் வரை போய்த் தனக்கும் தொலைக்காட்சி நேரம் வாங்கினார். ஜூன் 6இல் அந்த மாநிலத்தில் ஒன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் கிடைத்தது. எல்லா மாநிலங்களிலும் சேர்த்து 4 லட்சத்து 30 ஆயிரம். 3 சதவீதம்கூட இல்லை.

அப்போதாவது விலகச் சொன்னார்கள். அவர் மயாமி பீச் மாநாட்டுக்குப் போனார். பேர வலிமை தன் மக்களின் கையில் இருக்க வேண்டுமானால் ஓட்டு எண்ணப்பட வேண்டும் என்பது அவர் வாதம். நாடாளுமன்றத்தில் அவரை வெளிப்படையாக ஆதரித்த வெகு சிலரில் ஒருவரான ரான் டெல்லம்ஸ், கடைசி நேரத்தில் மெக்கவர்ன் பக்கம் போய்விட்டார். தோல்வி உறுதியான ஹம்ப்ரி தன் கறுப்பினப் பிரதிநிதிகளை விடுவிக்க, அவர்களில் பலர் சிஷோமுக்கு ஓட்டளித்தனர். எண்ணிக்கை 152இல் நின்றது. மெக்கவர்ன் 1,700ஐத் தாண்டி வேட்பாளரானார்.

1974இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி கேட்ட சட்டத்துக்குத் தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டு தேவைப்பட்டது. அதைத் திரட்ட உதவியவர் வாலஸ். சட்டம் நிறைவேறியபோது, ஒரு காலத்தில் அதே வேலையைச் செய்த தாயின் மகள் சபையில் இருந்தார்.

1983இல் நாடாளுமன்றத்தை விட்டு விலகிக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 2005 ஜனவரி 1இல் புளோரிடாவில் காலமானார்.

அந்த 1972 பிரசாரத்தில், வாக்காளர் பட்டியலில் பெயர்கூடப் பதியாமல் இருந்த ஒரு கலிபோர்னியா மாணவி சிஷோமைத் தன் கல்லூரிக்குப் பேச அழைத்தார். முதலில் பெயரைப் பதிவு செய் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார் சிஷோம். பதிவு செய்துவிட்டு அவருக்காக வேலை செய்தார் அந்தப் பெண். பெயர் பார்பரா லீ. டெல்லம்ஸ் பதவி விலகியபோது காலியான நாடாளுமன்றத் தொகுதியில் 1998இல் அவர் வென்றார்.