கற்பிட்டி தந்த கல்விமான்



தலவில அன்னம்மாள் திருநாளுக்கு ஆண்டுதோறும் போய் வருகிறோம். அதே வீதியில் இன்னும் சற்று வடக்கே சென்றால் ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் கற்பிட்டி. 1807 மார்ச் 21ஆம் நாள் சைமன் காசிச்செட்டி அங்கேதான் பிறந்தார்.

நம் பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் சமயத்தைப் பாடமாக எடுக்க விரும்பினால் வீட்டில் தயக்கம் எழுகிறது. பிற சமயங்களைப் படித்தால் விசுவாசம் தளர்ந்துவிடுமோ என்று பெற்றோர் கலங்குகிறார்கள். அவர்கள் இந்தப் பெரியாரின் வாழ்வைச் சற்று நோக்குதல் நன்று.

அவர் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. அது 1942இல்தான் வந்தது. அவருக்கு இந்தக் கரையே கலாசாலை. இங்கே கத்தோலிக்கரும் இந்துக்களும் இஸ்லாமியரும் பௌத்தரும் அயலவராய் வாழ்ந்தார்கள். பல மொழிகளைக் கற்ற அவர், அவர்களுடைய வரலாற்றையும் வழக்கங்களையும் தேடித் தேடி எழுதினார். இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 27 மட்டுமே. நம் திருச்சபை இலங்கையில் வளர்ந்த வரலாற்றை எழுதிய அதே கை, சோனகரின் பழக்கவழக்கங்களையும் எழுதியது.

1838இல் சட்ட நிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியானார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகக் கடமையாற்றினார். பதவிகள் வந்தபோதும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

1859இல் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலாகத் தந்தார். அதில் சைவ அடியார்களும் சமணப் புலவர்களும் நம் வீரமாமுனிவரும் அகரவரிசையிலேயே வருகிறார்கள். சமயம் பார்த்து எவருக்கும் முன்னிடம் தரவில்லை. குறைகள் இல்லாத நூல் என்று சொல்வதற்கில்லை. செவிவழிச் செய்திகளும் அதில் கலந்துள்ளன. ஆயினும் பின்வந்தவர்களுக்கு அது வழிகாட்டியது. யாழ்ப்பாணத்து ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் அதனை விரித்துத் தமிழில் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார்.

காசிச்செட்டி 1860இல் மறைந்தார்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகமும் இந்து நாகரிகமும் பட்டப்படிப்புக்குரிய பாடங்கள். அங்கே பரீட்சிக்கப்படுவது மாணவரின் பக்தியல்ல. ஆதாரத்தைத் தேடி, நடுநிலையோடு ஆராய்ந்து எழுதும் திறமையே. செபிக்கக் கற்றுக்கொடுப்பது வீடும் கோவிலும். வீட்டில் மாலைச் செபம் நிலைத்திருந்தால் நூலகத்தைக் கண்டு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? பிற மதங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிக்கும்படி 1965இல் பொதுச்சங்கமே நமக்குக் கற்பித்தது அல்லவா?

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இப்பாடத்தைக் கேட்டு வந்தால் தடுக்காதீர்கள். அயலவரை அறியாமல் அயலவரை நேசிப்பது எப்படி? அடுத்த முறை தலவிலவுக்குப் போகும்போது கற்பிட்டிவரை சென்று, இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.