சார்லஸ் பொன்னே

கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களில் கிணற்றடியில் நிற்கும் மாதுளையின் இளந்தளிரைத் திருப்பிப் பார்த்தால், சில வேளைகளில் கடுகினும் சிறிய பூச்சிகள் நெருங்கி அப்பிக்கொண்டிருக்கக் காணலாம். இவற்றை அசுவினி என்பர். ஒன்றிரண்டாக இருந்த அசுவினி சின்னாளில் தளிர் முழுவதையும் மூடிவிடுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண வழி வகுத்தவர் சார்லஸ் பொன்னே ஆவார்.

பொன்னே 1720ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் பிறந்தார். இளமையிலேயே செவிப்புலன் குன்றியமையால் பள்ளித் தோழரின் ஏளனத்திற்கு ஆளாகி, வீட்டிலேயே கல்வி பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்றாராயினும், அவர் உள்ளம் பூச்சிகளையே நாடியது.

ஆண் துணையின்றியே அசுவினி குஞ்சு ஈனுமோ என்று அறிய ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் முயன்றார். அவர் தனித்து வளர்த்தவை முதிருமுன்னரே மடிந்தன. இருபது வயதினரான பொன்னே அம்முயற்சியை மேற்கொண்டார். 1740 மே 20 அன்று, அப்பொழுதே பிறந்த குஞ்சு ஒன்றைச் சிறு கிளையில் விட்டுக் கண்ணாடிக் கலத்தால் மூடினார். நாள்தோறும் விடியல் முதல் இரவு வரை உருப்பெருக்குக் கண்ணாடியும் கையுமாக அதனருகே அமர்ந்திருந்தார். அது நான்கு முறை தோலுரித்தது. ஜூன் முதல் நாள் தலைக்குஞ்சை ஈன்றது. அம்மாதம் முடியுமுன் அது ஈன்றவை 95! மூடிய கலத்தினுள் ஆண் ஏது? பாரிசு அறிவியற் கழகம் வியந்து, அவ்விளைஞரைத் தன் தொடர்பு உறுப்பினராக்கியது.

பழத்தோட்டம் உடையார்க்கு இச்செய்தி அச்சம் தருவது. குஞ்சுகள் தாயின் அருகிலேயே அலகை ஊன்றிச் சாறு உறிஞ்சுவதால் கூட்டம் திரள்கிறது. அவை கழிக்கும் இனிய நீருக்காக எறும்புகள் காவல் நிற்கின்றன. நெருக்கம் மிகுந்தால் சிறகுடையவை பிறந்து காற்றோடு செல்கின்றன. அவற்றுள் ஒன்று மற்றொரு மரத்தில் இறங்கினாலும் போதும். பழனி மலையில் புகழ்பெற்ற விருப்பாச்சி வாழையை நலிவித்த முடிக்கொத்து நோயை ஒரு வாழையினின்று மற்றொன்றிற்குக் கொண்டு சென்றதும் அசுவினியே.

பொன்னே இவ்வாராய்ச்சிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1745இல் தம் பூச்சி நூலை வெளியிட்டபோதே அவர் கண்கள் பெரிதும் நலிந்திருந்தன. நுண்ணிய பொருளை உற்று நோக்கும் பணியை அவர் கைவிட நேர்ந்தது. ஆயினும் சோர்ந்தாரல்லர், தாம் சொல்லப் பிறர் எழுத, மெய்யியல் நூல்கள் பல இயற்றினார். 1793 மே 20 அன்று, கண்ணாடிக் கலத்தை மூடிய அதே நாளில், 53 ஆண்டுகளுக்குப் பின் உயிர் நீத்தார்.