வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 – ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்ட வீரர்களுள் ஒருவர். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ஆஷ் என்பவரை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, அதே இடத்தில் தன்னுயிரையும் மாய்த்துக் கொண்டவர். இவரது இயற்பெயர் சங்கரன் என்பதாகும். வாஞ்சி, வாஞ்சி ஐயர் என்றும் அழைக்கப்பட்டார். தென்னிந்தியாவில் விடுதலைப் போராட்டத்தின்போது பிரித்தானிய உயர் அதிகாரி ஒருவர் புரட்சியாளரால் கொல்லப்பட்டது இந்த ஒரு நிகழ்வில் மட்டுமே ஆகும்.

பிறப்பும் இளமையும்

வாஞ்சிநாதன் 1886ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். தந்தை ரகுபதி ஐயர். தாய் ருக்மணி அம்மாள். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்திருந்தது. பள்ளிக் கல்வியைச் செங்கோட்டையிலும் மேற்படிப்பைத் திருவனந்தபுரத்திலும் பெற்றார். பொன்னம்மாள் என்பவரை மணந்தார். பின்னர் திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் பணியில் சேர்ந்து புனலூரில் பணியாற்றி வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளே நீடித்த இவரது வாழ்க்கையில், கடைசி ஓராண்டைத் தவிர ஏனைய பகுதி பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகச் சிலவே.

பின்னணி

இந்நிகழ்வைப் புரிந்து கொள்ள, 1906 முதல் 1908 வரை தூத்துக்குடியில் நடந்தவற்றை அறிந்து கொள்வது அவசியமாகும். கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் மழையை மட்டுமே நம்பிய நிலம். அதன் முதன்மையான பணப்பயிர் பருத்தி. கரிசல் காட்டில் விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குச் சென்றது. ஒரு பகுதி ஆர்வி நிறுவனத்தாருக்குச் சொந்தமான கோரல் ஆலையில் நூலாக்கப்பட்டது. விளைபவர் உள்ளூர்க்காரர், ஆலையும் கப்பலும் ஆங்கிலேயருடையவை. இந்த நிலையை எதிர்த்தே ஓட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இன் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்கும் தலைமை ஏற்றார்.

அவ்வாண்டு மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர். ஜூலை மாதம் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், அவரது நிறுவனம் மீளவில்லை.

திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆணையிட்டவர் ஆஷ் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் விஞ்ச் என்பவர். ஆஷ் தூத்துக்குடியில் அவருக்குக் கீழ் அதிகாரியாக இருந்தார். எனினும் கப்பல் நிறுவனத்தையும் வேலை நிறுத்தத்தையும் நேரில் எதிர்கொண்ட அதிகாரி ஆஷே என்பதால், மக்களின் சினம் அவர் மீதே குவிந்தது. 1910இல் அவர் அதே மாவட்டத்துக்கு ஆட்சியரானார்.

பாரத மாதா சங்கம்

தலைவர்கள் சிறை சென்றபின் வெளிப்படையான அரசியல் முடங்கியது. இந்த இடைவெளியில் நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று இரகசியச் சங்கம் ஒன்றைக் கட்டினார். தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் என்று அதன் தொடர்புகள் கரிசல் காட்டிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை நீண்டன. காளி படத்தின் முன் குங்குமம் கலந்த நீரைப் பருகி, பெருவிரலில் கீறிய குருதியால் உறுதிமொழித் தாளில் அடையாளம் இடுவது உறுப்பினர் சேரும் முறையாக இருந்தது. வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன் இதில் முனைப்புடன் இயங்கியவர். மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையும் உறுப்பினர்களுள் ஒருவர்.

புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பிரித்தானிய இந்தியாவில் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். உரிமம் பெறுவது பொதுமக்களுக்கு எளிதன்று. எனவே துப்பாக்கி கிடைத்தாலும், தோட்டாக்களைச் செலவிட்டுக் குறி பழகுவதற்கு மாவட்டத்துக்குள் இடம் இல்லை. சுடும் ஓசையே காட்டிக் கொடுத்துவிடும். இச்சட்டம் செல்லாத, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரி இதற்கு ஏற்ற இடமாக அமைந்தது. பாரதியார் 1908 முதலே அங்கு தங்கியிருந்தார். இலண்டனிலிருந்து தப்பிய வ. வே. சு. ஐயர் 1910இல் அங்கு வந்து சேர்ந்தார்.

வாஞ்சிநாதன் 1911இன் தொடக்கத்தில் மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி சென்று வ. வே. சு. ஐயரைச் சந்தித்தார். அங்கு அவருக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளிக்கப்பட்டது. இந்தச் செய்தி 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கையிலும் இடம் பெற்றுள்ளது.

வாஞ்சி பயன்படுத்திய கருவி பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். கைத்துப்பாக்கி என்ற ஒரே சொல்லால் இரு வேறு கருவிகளைக் குறிப்பதால், இதைச் சிலர் ரிவால்வர் என்று எழுதிவிடுகின்றனர். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளை ஒன்றில் இருக்கும். பிரௌனிங் வகையில் அவை கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டதும், பின்னுதைப்பு விசையால் மேலுள்ள ஸ்லைடு பின்னோக்கி நகர்ந்து வெற்றுக் கூட்டை வெளியே எறியும். சுருள்வில் அதை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். தானியங்கி என்று பெயர் இருப்பினும், ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தாக வேண்டும். இதை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங். லீயேஜ் நகருக்கு அருகில் ஹெர்ஸ்டால் என்னும் ஊரில் உள்ள தொழிற்சாலையில் இவை உருவாயின. 1900ஆம் ஆண்டு மாதிரி 7.65 மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஏழினைக் கொள்ளும். தட்டையான, சட்டைக்குள் மறைக்கக்கூடிய இக்கருவி ஐரோப்பாவில் கடைகளில் விற்கப்பட்டது. 1909இல் சாவர்க்கர் இலண்டனிலிருந்து மறைத்து அனுப்பிய இருபது கைத்துப்பாக்கிகளும் பிரௌனிங் வகையே. அவற்றுள் ஒன்றினால்தான் அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

ஸ்லைடு நகரும் இந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் அடிப்படை. மணியாச்சி நிகழ்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன், 1911 மார்ச்சில், பிரௌனிங்கின் வேறொரு வடிவமைப்பை அமெரிக்கப் படை ஏற்றுக் கொண்டது. அதன் வழிவந்த கைத்துப்பாக்கிகள் எஃகு இலக்குகளையும் அட்டை இலக்குகளையும் விரைந்து சுடும் இக்காலப் போட்டிகளிலும் பரவலாகப் பயன்படுகின்றன.

மணியாச்சி நிகழ்வு

மணியாச்சி, கோவில்பட்டிக்குத் தெற்கே கடம்பூரை அடுத்துக் கரிசல் வெளியில் அமைந்த சந்திப்பு நிலையம். மதுரையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்குத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரிகிறது. தனுஷ்கோடி வழியிலான கப்பல் போக்குவரத்து 1914இல் தொடங்கும் வரை, இலங்கைப் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கிச் சென்னைக்குச் செல்லும் வண்டி இவ்வழியாகவே சென்றது. போட் மெயில் என்று அழைக்கப்பட்ட அவ்வண்டியைப் பிடிக்க, திருநெல்வேலிப் பயணிகள் மணியாச்சியில் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரமே வாஞ்சிக்கு வாய்ப்பாக அமைந்தது.

1911 ஜூன் 17 அன்று காலை ஆஷ், தம் மனைவி மேரியுடன், கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைக் காணத் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டார். சுமார் பத்தரை மணிக்கு வண்டி மணியாச்சியை அடைந்தது. இருவரும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்து போட் மெயிலுக்காகக் காத்திருந்தனர். மெய்க்காவலர் எவரும் பெட்டியில் இல்லை. அப்போது குடுமி வைத்த, நன்கு உடுத்திய இளைஞர் ஒருவரும் வேட்டி கட்டிய மற்றொருவரும் பெட்டியை நெருங்கினர். முன்னவர் வாஞ்சிநாதன். அவர் பெட்டிக்குள் ஏறி மிக அருகிலிருந்து சுட்டார். குண்டு ஆஷின் மார்பில் பாய்ந்தது. புதுச்சேரியில் பழகிய குறி இங்குத் தேவைப்படவில்லை. தொலைவு சில அடிகளே.

நடைமேடையில் இருந்தோர் துரத்த, வாஞ்சி ஓடி அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். உடன் வந்தவர் தப்பிவிட்டார். அவர் மாடசாமி என்று பின்னர் அறியப்பட்டாலும், இறுதி வரை காவல்துறையிடம் அகப்படவில்லை. ஆஷ் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டு செல்லப்படும் வழியிலேயே, கங்கைகொண்டானுக்கு அருகில் உயிரிழந்தார். அவரது உடல் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது.

சட்டைப்பைக் கடிதம்

வாஞ்சியின் சட்டைப் பையில் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் ஜூன் 22 அன்று நடைபெற இருந்த வேளை அது. இராமனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில் ஆங்கில மன்னருக்கு முடிசூட்ட முயல்வதா என்று கேட்கும் அக்கடிதம், மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்ததும் கொல்வதற்கு மூவாயிரம் சென்னை மாகாணத்தார் உறுதி ஏற்றிருப்பதாகவும், அதை அறிவிக்கவே அவர்களுள் கடையனாகிய தான் இச்செயலைச் செய்ததாகவும் கூறுகிறது. மூவாயிரம் என்ற எண் மிகைப்படுத்தப்பட்டதே. விசாரணையில் வெளிப்பட்ட உறுப்பினர் தொகை அதற்கு அருகில்கூட வரவில்லை.

கடிதத்தில் ஆங்கிலேயர் மிலேச்சர் என்று இகழப்படுகின்றனர்; சனாதன தர்மம் மிதிக்கப்படுவதாக முறையிடப்படுகிறது; மன்னர் பஞ்சமன் எனப்படுகிறார். ஐந்தாமவர் என்ற பொருளுடன், தாழ்த்தப்பட்டோரை அக்காலத்தில் குறித்த இழிபொருளும் அச்சொல்லில் உள்ளது. இதனால் வாஞ்சியின் நோக்கம் நாட்டு விடுதலையா, வருணாசிரமப் பற்றா என்ற விவாதம் தொடர்கிறது. அரசியல் வெறுப்பும் சமயச் சாதிய உணர்வும் அக்கடிதத்தில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. பிரசவ வேதனையில் இருந்த தாழ்த்தப்பட்ட பெண் ஒருவரை ஆஷ் அக்கிரகாரம் வழியே அழைத்துச் சென்றதே கொலைக்குக் காரணம் என்ற கதையும் பிற்காலத்தில் பரவியது. ஆனால் வழக்கு ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை.

வழக்கு

கொலையைத் தொடர்ந்து மாவட்டம் முழுவதும் சோதனைகள் நடந்தன. செங்கோட்டை தர்மராஜ ஐயர், புளியங்குடி வெங்கடேசுவர ஐயர் ஆகியோர் விசாரணைக்கு அஞ்சித் தற்கொலை செய்துகொண்டனர். பதினான்கு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நீலகண்ட பிரம்மச்சாரி முதல் எதிரி ஆக்கப்பட்டார். தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், ஐலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்தனர். எதிரிகள் சார்பில் வாதிட்டவர்களுள் பின்னாளில் முதலமைச்சரான த. பிரகாசமும் ஒருவர். 1912 பிப்ரவரியில் ஒன்பது பேர் குற்றவாளிகளாகத் தீர்மானிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு ஏழு ஆண்டும் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏனையோருக்கு அதனினும் குறைவு.

கண்ணூர்ச் சிறையில் இருந்த வ. உ. சி., இச்செய்தி தமக்கு எட்டியதைச் செய்யுள் வடிவிலான தம் சுயசரிதையில் குறித்துள்ளார். புதுச்சேரியில் பாரதியார் உள்ளிட்டோர் மீது பிரித்தானிய ஒற்றர்களின் கண்காணிப்பு கடுமையாயிற்று. வ. வே. சு. ஐயர் பின்னாளில் ஆயுத வழியைக் கைவிட்டுக் காந்திய வழியை ஏற்றார். 1925இல் பாபநாசம் அருவியில் மூழ்கிய தம் மகளைக் காக்க முயன்று இறந்தார். நீலகண்டர் துறவு பூண்டு, சத்குரு ஓம்கார் என்ற பெயருடன் மைசூர்ப் பகுதியின் நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

நினைவுச் சின்னங்கள்

மணியாச்சி நிலையத்துக்கு 1980களில் வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாற்றப்பட்டது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலை உள்ளது. தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. ஆஷுக்குத் தூத்துக்குடியில் எழுப்பப்பட்ட நினைவு மண்டபமும் பாளையங்கோட்டையில் உள்ள அவரது கல்லறையும் இன்றும் உள்ளன.