கல்லூரிக்கு முன் ஒரு வீடு

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உள்ள பழைய வீடுகளின் அமைப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வீடு நீண்டுகொண்டே போகும். அதன் கடைசிக் கட்டில்தான், தலை மழிக்கப்பட்டு நார்மடி உடுத்திய பெண்கள் தங்கள் ஆயுளைக் கழித்தார்கள். அவர்களில் சிலர் பத்துப் பன்னிரண்டு வயதில் அங்கே ஒதுங்கியவர்கள். காவிரிக் கரை அக்கிரகாரங்கள் அனைத்துக்கும் பொதுவான காட்சி இது. அந்தக் கட்டிலிருந்து கல்லூரி வகுப்பறைக்கு ஒரு வழி அமைத்தவர் சகோதரி சுப்புலட்சுமி. பள்ளிகளைத் தோற்றுவித்தவர் என்று அவரை நினைவுகூர்கிறோம். ஆனால், அவர் செய்தவற்றுள் மிக அரிய காரியம் ஒரு விடுதியை நடத்தியது என்பது என் கருத்து.

1886 ஆகஸ்ட் 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர் அவர். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்விகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் வீட்டுக்கு வாழப் போகும் முன்பே அவர் விதவையானார். மகளின் தலையை மழிக்கப் பெற்றோர் இசையவில்லை. தந்தை அவருக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். உறவினரின் ஏச்சையும் ஊராரின் விலக்கத்தையும் அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார் சுப்புலட்சுமி. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

தமக்கு வாய்த்தது அறிவுக்கூர்மை மட்டுமன்று, இடம் தந்த ஒரு வீடும்தான் என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழில் கல்லூரிச் சேர்க்கைக்கும் இடம் என்கிறோம், தங்குமிடத்தையும் இடம் என்கிறோம். மாகாணத்தில் படிக்கத் தகுந்த இளம் விதவைகளுக்கு முதல் இடம் கிடைத்தாலும் இரண்டாவது இடம் கிடைக்காது. சென்னையில் வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. விதவை எதிரே வந்தால் சகுனம் பார்த்து வீட்டுக்குள் திரும்பும் தெருக்கள் அவை. பொருளாதாரம் கற்பித்த பழக்கத்தில் சொல்கிறேன்: ஒன்றின் விலையைக் குறைத்தாலும், அதனோடு சேர்ந்தே தேவைப்படும் மற்றொன்று கிடைக்காவிட்டால் முதற்பொருள் விற்காது. கட்டணமே இல்லாத கல்லூரியும் அந்தப் பெண்களுக்கு எட்டாத கல்லூரியாகத்தான் இருந்திருக்கும்.

இதே நெருக்கடியை அமெரிக்கப் பெண்கள் சற்று முன்னதாகச் சந்தித்தார்கள். ஆண்களுக்கென்றே இருந்த கல்லூரிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரைமனதோடு பெண்களைச் சேர்த்துக்கொண்டன. வகுப்பில் நாற்காலி கிடைத்தது. வளாகத்தில் ஒதுங்க நிழல் கிடைக்கவில்லை. இண்டியானா மாநிலத்தின் ஆஸ்பரி கல்லூரியில் 1870இல் நான்கு மாணவியர் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். இத்தகைய சங்கங்களுக்கு சொரோரிட்டி என்ற பெயர் பின்னர் வந்தது. லத்தீனில் சொரோர் என்றால் சகோதரி. நாளடைவில் அவை சொந்த வீடுகள் கட்டிக்கொண்டன. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதற்குக் கறாரான விதிகளையும் வகுத்துக்கொண்டன. கறுப்பினப் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதனால் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்து மாணவியர் 1908இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற தங்கள் சங்கத்தைத் தாங்களே தொடங்கினார்கள்.

சுப்புலட்சுமி எந்தத் துறவு மடத்தையும் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவரை எல்லாரும் சகோதரி என்றே அழைத்தார்கள். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தம் குடும்பம் இருந்த வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய இளம் விதவைகளை வைத்துக்கொண்டு விடுதியும் தொடங்கிற்று. அவரைப் போலவே இளமையில் கணவரை இழந்திருந்த சித்தி வாலாம்பாள் உடனிருந்து அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டார். வரலாற்று நூல்கள் வாலாம்பாளுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. விடுதி நடத்தியவர்களுக்குத் தெரியும், சமையற்கட்டையும் நோயுற்ற பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாமல் எந்த இலட்சியமும் ஒரு மாதம் தாங்காது.

அரசாங்கத்தின் ஆதரவு பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த லிஞ்ச் அம்மையார் வழியே வந்தது. அதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தது. வயது வந்த மகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். மணமான பெண் வேலைக்குப் போவது கௌரவக் குறைவு. எஞ்சியிருந்தவர்கள் விதவைகள். சமூகம் பயனற்றவர்கள் என்று தள்ளிவைத்தவர்களையே கல்வித் துறை தேடி வரவேண்டியிருந்தது. சுப்புலட்சுமி இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, அதைத் தம் பெண்களுக்குச் சாதகமாகத் திருப்பினார்.

மெரினா கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை அரசு 1917இல் வாங்கியது. விடுதி அங்கே குடியேறியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட கிடங்கு அது. பின்னர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாகி, 1897இல் விவேகானந்தர் தங்கியதால் புகழ்பெற்றது. கொல்லைக் கட்டின் இருட்டிலிருந்து வந்த சிறுமியருக்கு வங்கக் கடலைப் பார்த்த சாளரங்கள் கிடைத்தன. மாநிலக் கல்லூரியும் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில், நடந்து போகும் தொலைவில். விடுதிப் பெண்களில் சிலர் ராணி மேரி கல்லூரிக்குச் சென்றார்கள். பலர் ஆசிரியைகள் ஆனார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர் பொறுப்பும் சுப்புலட்சுமியிடம் வந்தது.

பாராட்டோடு நிறுத்தினால் அது முழுமையான வரலாறாகாது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. ஆசாரங்கள் அங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. மறுமணத்தை அவர் விடுதியின் கொள்கையாக வைக்கவில்லை. வைத்திருந்தால் எந்தத் தகப்பனும் மகளை அனுப்பியிருக்கமாட்டார் என்பது அவருக்காகச் சொல்லப்படும் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், பொதுப் பணத்தில் நடந்த ஒரு விடுதியின் கதவு பிறப்பைக் கேட்டுத் திறந்தது என்பதும் உண்மை. இளமையில் கைம்மை அடைந்த பிற சாதிப் பெண்களும் மாகாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கடற்கரைச் சாளரம் இல்லை. நம் திருச்சிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம்தான் குலம் கேளாமல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஐஸ் ஹவுஸையும் அவ்வை இல்லத்தையும் சேர்த்துப் படிப்பதே முறை. ஹோவர்டு மாணவியர் தனியே ஒரு வீடு காண நேர்ந்த அதே காரணம் இங்கும் இருந்தது.

சுப்புலட்சுமியின் பிற்கால வாழ்வை விரித்தால் கட்டுரை நீளும். குழந்தை மணத்தை ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அதையொட்டி, பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது. அவர் வளர்த்த சாரதா வித்யாலயா 1938இல் ராமகிருஷ்ண மிஷன் வசம் ஒப்படைக்கப்பட்டது. சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார்.

திருச்சியில் 1883 முதல் ஆண்கள் தூய வளனார் கல்லூரியில் படித்தார்கள். பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி வர 1923 ஆயிற்று. சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951இல் வந்தது. இன்று சேர்க்கைக் காலத்தில் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் மகளோடு வரும் பெற்றோர், பாடப்பிரிவைப் பற்றிக் கேட்கும் முன் விடுதியில் இடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவிலோ கேள்வி வேறு. ஒருபால் மன்றங்களில் சேரும் மாணவருக்குத் தலைமைப் பொறுப்புகளை மறுக்கும் விதியை 2016இல் அறிவித்த ஹார்வர்டு, வழக்குகளுக்குப் பின் 2020இல் அதைக் கைவிட்டது. விலக்கும் உரிமை பற்றிய சச்சரவு அது. நாம் இன்னும் தங்கும் உரிமையிலேயே நிற்கிறோம்.

தமிழக அரசு பணிபுரியும் மகளிருக்கு நடத்தும் விடுதிகளுக்குத் தோழி என்று பெயர் வைத்திருக்கிறது. அகப்பாடல்களில் தலைவியோடு எப்போதும் உடனிருப்பவள் அவள். பெயர் சூட்டியவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. அந்த ஏற்பாடு சம்பளம் வாங்கத் தொடங்கிய பெண்ணுக்கு. பதினேழு வயதில் தகரப் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குகிறவளுக்கு அதற்கு ஈடான ஒன்றை, எல்லாக் கல்லூரி நகரங்களிலும், அரசுக் கல்லூரிச் சேர்க்கை எண்ணிக்கையோடு பொருந்தும் அளவில் அமைக்க எவ்வளவு செலவாகும் என்று நிதித் துறை ஒரு முறையேனும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.