ரங்கூனில் ஏற்றிய 'ஜோதி'

இன்றைய யாங்கோனில் லத்தா என்றால் சீனக் கடைத்தெருக்களே நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் அன்றைய மொகல் வீதி. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். செட்டியார்கள், துறைமுகத் தொழிலாளர்கள், எழுதுவினைஞர்கள் என எம்மவரும் அங்கு வேரூன்றியிருந்தனர்.

அடுத்த ஆண்டு அங்கு போய்ச் சேர்ந்தவர் வெ. சாமிநாத சர்மா. 1895 இல் வட ஆற்காடு வெங்களத்தூரில் பிறந்தவர். திரு.வி.க.வுடன் 'தேசபக்தன்', 'நவசக்தி' ஏடுகளில் உழைத்தவர். 1937 இல் ரங்கூனில் 'ஜோதி' மாத இதழின் ஆசிரியரானார். எழுத ஆள் குறைவு. ஆகவே 'எக்ஸ்ரே', 'சரித்திரக்காரன்' முதலான புனைபெயர்களில் தாமே பக்கங்களை நிரப்பினார். அபிசீனியா, ஸ்பெயின், பாலஸ்தீனம் என உலகச் சிக்கல்களைத் தமிழில் விளக்கிச் சிறு நூல்கள் எழுதினார். பிளாட்டோவும் ரூசோவும் அவர் கையால் தமிழ் பேசினர். நியூட்டன், எடிசன் ஆகியோரின் வாழ்க்கையையும் எழுதினார். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊர்ச் செய்தி மட்டும் போதும் என்று அவர் எண்ணவில்லை. அதனாலேயே அவரை நாம் மதிக்கிறோம்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 'ஜோதி' அணைந்தது. 1942 இல் சர்மாவும் துணைவியார் மங்களமும் இலட்சக்கணக்கான அகதிகளோடு காடும் மலையும் கடந்து இந்தியா நோக்கி நடந்தனர். வழியெங்கும் வாந்திபேதியும் மலேரியாவும். வெள்ளையருக்கு ஒரு பாதை, மற்றவருக்கு வேறு பாதை. பல்லாயிரவர் ஊர் சேரவில்லை.

சென்னை வந்த சர்மா எழுத்தை விடவில்லை. பிரபஞ்ச ஜோதி பிரசுராலயம் என்ற சிறு பதிப்பகம் அவருடைய வரலாற்று நூல்களை வெளியிட்டது. ரங்கூனில் அணைந்த இதழின் பெயர் அந்தப் பதிப்பகத்தின் பெயரிலும் ஒளிர்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. 1956 இல் மங்களம் மறைந்தார். 1978 இல் சர்மாவும் மறைந்தார். அவருடைய பர்மா நடைப் பயண வரலாறு அவர் மறைவுக்குப் பின்பே நூலாயிற்று.

1960களில் நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியபோது இலட்சக்கணக்கான இந்தியர் மீண்டும் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோரின் கதை எழுதப்படவே இல்லை. எங்கள் வீடுகளிலும் வெளியேறிய நாட்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதி வைப்போம். சர்மா எழுதியதால்தான் அந்த நடைபாதை இன்று எமக்குத் தெரிகிறது.