கல்தச்சராய்த் தொடங்கிப் பொறியாளர் தலைவரான தாமஸ் டெல்போர்டு

கல்வி கற்று, ஒரு தொழிலில் அமர்ந்து, பொருளீட்டுதல் ஒருவகை முன்னேற்றம். அத்தொழிலை நாணயத்தோடு நடத்தி, நம் சொல்லை நம்பி ஊரார் பாலத்தின்மீது அச்சமின்றி நடக்குமளவிற்கு உயர்தல் மற்றொரு வகை முன்னேற்றம். முன்னதை மட்டும் பெற்றோர் பலர். இரண்டையும் ஒருசேரப் பெற்றோர் சிலர். மருத்துவர் கையில் நோயாளியின் உயிர் இருக்கிறது. வழக்கறிஞர் கையில் கட்சிக்காரரின் உடைமை இருக்கிறது. பொறியாளர் கையிலோ, அவர் முகத்தைக் கூட என்றும் காணப்போகாத பல்லாயிரவர் உயிர் இருக்கிறது. ஆகவே, தொழில் அறம் என்பது யாது, அதனைக் காக்க ஒரு சங்கமும் விதியும் ஏன் வேண்டும் என்பதை, ஒரு பெரியாரின் வாழ்க்கை வழியாக நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே ஸ்காட்லாந்து நாட்டில் ஓர் ஆட்டிடையரின் மகனாய்ப் பிறந்து, உலகின் முதற்பெரும் பொறியாளர் சங்கத்தின் முதல் தலைவராய் விளங்கிய தாமஸ் டெல்போர்டு ஆவார்.

இளமையும் கல்வியும்

டெல்போர்டு 1757ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் ஒரு சிறு குடிசையில் பிறந்தார். தந்தையார் பிறருடைய ஆடுகளை மேய்ப்பவர். மகன் பிறந்த சில திங்களுக்குள் அவர் காலமானார். தாயார் ஜேனட், கைக்குழந்தையுடன் உழைத்துப் பிழைக்க வேண்டியவரானார். அண்டை அயலாரும் உறவினரும் கைகொடுத்தனர். சிறுவன் மாடு மேய்த்தான். இடையிடையே ஊர்ப்பள்ளிக்குச் சென்று எழுத்தும் கணக்கும் கற்றான்.

பின்னர் ஒரு கல்தச்சரிடம் தொழில் பழக விடப்பட்டான். அங்கே கொடுமை தாங்காது ஓடி வந்துவிட்டான். இரண்டாம் முறை லாங்கோம் என்னும் சிற்றூரில் வேறொரு கல்தச்சரிடம் சேர்க்கப்பட்டு, கல் செதுக்கவும் சுவர் எழுப்பவும் கற்றுத் தேர்ந்தான். அவ்வூரில் வாழ்ந்த பாஸ்லி என்னும் மூதாட்டியார், தம் வீட்டு நூல்களை அவ்விளைஞனுக்கு இரவல் தந்தார். பகலில் உளி, இரவில் நூல் என்று அவன் நாட்கள் கழிந்தன. தன் தந்தையின் கல்லறைக்கு உரிய நினைவுக்கல்லைத் தன் கையாலேயே செதுக்கி நாட்டினான். பிற்காலத்தில் வெளியூர் சென்றபின், தாயார் எளிதிற் படிக்கும் பொருட்டு, அச்செழுத்துப் போலப் பிரித்துப் பிரித்து அவருக்குக் கடிதம் எழுதி வந்தார். இரவல் நூலின் பயனை அவர் மறந்தாரல்லர். தம் இறுதி முறியில், லாங்கோம், வெஸ்டர்கர்க் ஆகிய இரண்டிடத்து நூலகங்கட்கும் பொருள் ஒதுக்கினார்.

1780இல் எடின்பரோ நகரம் சென்றார். 1782இல் இலண்டன் சேர்ந்து, சாமர்செட் மாளிகைக் கட்டடப் பணியில் கல் செதுக்கினார். அடுத்துப் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் மேற்பார்வையாளரானார். தம் ஊர்ப்பக்கத்துச் செல்வரான வில்லியம் புல்ட்னி என்பாரின் ஆதரவால் 1787இல் ஷ்ரூஸ்பரி நகரம் சென்று, அம்மாவட்டத்தின் பொதுப்பணி மேற்பார்வையாளர் பதவி பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. கல்லூரிப் பட்டம் ஏதுமில்லை. கையறிவும் நூலறிவும் மட்டுமே துணை.

கசப்பான உண்மையைச் சொன்ன நாள்

1788ஆம் ஆண்டில் ஷ்ரூஸ்பரியிலுள்ள செயின்ட் சாட் மாதாகோவிலின் கூரை ஒழுகத் தொடங்கியது. அதனைப் பழுதுபார்க்க வழி கூறுமாறு கோவில் நிருவாகத்தார் டெல்போர்டை அழைத்தனர். அவர் கூரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அதற்குரிய ஊதியமும் கிடைத்திருக்கும். அவரோ சுவரையும் தூணையும் அடித்தளத்தையும் நோக்கினார். கோபுரத்தைத் தாங்கும் தூண் ஒன்றின் அடியில், சவக்குழி தோண்டியதனால் அடித்தளம் வலுவிழந்திருப்பதையும், சுவர்கள் வெடித்திருப்பதையும் கண்டார். கூரையைப் பற்றிப் பேசுவது வீண் என்றும், கோபுரமே விழும் நிலையில் இருக்கிறது என்றும் நிருவாகத்தாரிடம் அறிவித்தார்.

அவர்கள் நகைத்தனர். அவ்வெடிப்புகள் நெடுங்காலமாக உள்ளவையே என்றனர். தொழில் வல்லார் தமக்கு வேலை தேடிக்கொள்ளவே இவ்வாறு அச்சுறுத்துவர் என்று இகழ்ந்தனர். டெல்போர்டு வாதாடவில்லை, தம் கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவையை விட்டு வெளியேறினார். நிருவாகத்தார் ஒரு கொத்தனாரை அமர்த்தித் தூணின் அடியை மட்டும் செப்பனிடச் செய்தனர். சில நாட்களே கழிந்தன. ஒரு விடியற்காலை மணி நான்கு அடித்தபொழுது கோபுரம் இடிந்து கோவிலின் மேல் விழுந்தது. உள்ளே எவரும் இல்லாத வேளையாதலால் உயிர்ச்சேதம் இல்லை.

இந்நிகழ்ச்சியில் டெல்போர்டு ஈட்டிய புகழ் பெரிது. ஆயினும் நாம் கருத வேண்டியது வேறு. கோபுரம் விழாமல் இன்னும் இருபது ஆண்டு நின்றிருந்தாலும், அவர் செய்தது சரியே. பணம் கொடுப்பவர் கேட்க விரும்பாத உண்மையை, தம் வேலை போனாலும் சொல்வதே தொழில் அறத்தின் முதற்பாடம். அதே நகரத்துச் சிறைச்சாலைப் பணியில் இப்பாடத்தின் மறுபக்கத்தையும் காண்கிறோம். சிறைச் சீர்திருத்தம் வேண்டிப் பாடுபட்ட ஜான் ஹோவர்டு அங்கு வந்து, உள்முற்றங்கள் குறுகியவை, காற்றோட்டம் போதாது என்று குறை கூறியபொழுது, டெல்போர்டு சினங்கொள்ளாது தம் வரைபடத்தைத் திருத்தினார். பிறர்க்கு உண்மை சொல்லும் துணிவு உடையவன், தனக்குச் சொல்லப்படும் உண்மையைக் கேட்கும் பணிவும் உடையவனாதல் வேண்டும்.

மறைவிடம் வையாத கட்டடக் கலை

1795இல் செவர்ன் ஆற்றில் பெருவெள்ளம் வந்து பில்ட்வாஸ் என்னுமிடத்துக் கற்பாலத்தை அடித்துச் சென்றது. அவ்விடத்தில் டெல்போர்டு 1796இல் வார்ப்பிரும்புப் பாலம் அமைத்தார். அருகிலிருந்த முதல் இரும்புப் பாலம் 100 அடி அகலத்தைக் கடக்க 378 டன் இரும்பை விழுங்கியிருந்தது. இவரது பாலம் 130 அடியைக் கடந்தும் 173 டன் இரும்பே கொண்டது. பொருளை வீணாக்காமையும் ஓர் அறமே என்பதை இங்குக் காண்கிறோம்.

வேல்சு நாட்டுப் பாண்ட்கசில்த்தே கால்வாய்ப் பாலம் 1795இல் தொடங்கி 1805இல் முடிந்தது. 1,007 அடி நீளமும் 126 அடி உயரமும் உடைய அப்பாலத்தில், 18 தூண்களின் மேல் அமைந்த இரும்புத் தொட்டியில் படகுகள் மிதந்து செல்கின்றன. அத்தூண்கள் 70 அடிக்கு மேல் உள்ளீடற்றவை. எடை குறைவது மட்டுமன்று இதன் பயன். சுவரின் வெளிப்புறமும் உட்புறமும் கண்ணுக்குத் தெரிவதால், மோசமான கல்லையும் சுண்ணாம்பையும் உள்ளே திணித்து மறைக்க இயலாது. நேர்மையைத் தொழிலாளியின் மனத்திற்கு மட்டும் விட்டுவிடாது, அமைப்பிலேயே பொருத்திவைத்த நுண்ணறிவு இது. 2009இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

1803 முதல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் அவர் மேற்பார்வையில் 900 மைலுக்கு மேற்பட்ட சாலைகளும் ஆயிரத்திற்கு மேற்பட்ட பாலங்களும் எழுந்தன. அத்துணைப் பணிக்கும் அவர் ஓர் ஒழுங்கு வகுத்தார். எந்தக் கல், எவ்வளவு கனம், எவ்வகைச் சாந்து என்பதை எழுத்தில் விரிவாக வரையறுத்தார். ஒப்பந்தக்காரர் வேறு, பணியிடத்தில் தங்கி மேற்பார்க்கும் பொறியாளர் வேறு என்று பிரித்தார். செய்த வேலையை அளந்து சான்றளித்த பின்னரே பணம் வழங்கச் செய்தார். இன்று பொதுப்பணிகளில் நாம் காணும் அளவுப் புத்தகமும் சான்றிதழும் இத்தகைய ஒழுங்கின் வழிவந்தவையே.

மெனாய் நீரிணையின் மேல் 1819இல் தொடங்கி 1826 ஜனவரி 30இல் திறக்கப்பட்ட தொங்கு பாலம் அவர்தம் புகழின் சிகரம். இரு கோபுரங்கட்கும் இடையே 579 அடி. அத்துணை நீளத்தைத் தொங்கு பாலத்தால் கடந்தவர் அதற்குமுன் அந்நாட்டில் இலர். முன்னதாகவே இரும்பின் வலிமையை அறிய 200க்கு மேற்பட்ட சோதனைகள் செய்திருந்தார். சங்கிலியின் இரும்புப் பட்டைகள், தாங்கவேண்டிய சுமையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இழுவையில் சோதிக்கப்பட்ட பின்னரே பாலத்தில் ஏறின.

சங்கத்தின் தலைவர்

ஒருவர் நல்லவராயிருந்தால் அவர் கட்டிய பாலம் நிற்கும். நாடெங்கும் பாலங்கள் நிற்க வேண்டுமாயின், அத்தொழில் முழுமைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். அக்காலத்தில் எவரும் தம்மைப் பொறியாளர் என்று கூறிக்கொள்ளலாம். கேட்பாரில்லை. 1771இல் தோன்றிய ஒரு சங்கம் இருந்ததெனினும், அது பெயர்பெற்ற மூத்தோர் கூடி விருந்துண்ணும் அவையாகவே பெரிதும் இருந்தது. இளையோர்க்கு அங்கே இடமில்லை.

1818 ஜனவரி 2ஆம் நாள், ஹென்றி பால்மர் முதலான இளம் பொறியாளர் சிலர் இலண்டனில் ஒரு காபிக் கடையில் கூடி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கென ஒரு சங்கம் நிறுவினர். இரண்டாண்டுகள் அது வளர்ச்சியின்றி இருந்தது. 1820இல் அவர்கள் டெல்போர்டை அணுகித் தலைமை ஏற்க வேண்டினர். அறுபதைக் கடந்த அப்பெரியார் இசைந்தார். நூல்கள் அளித்தார். உறுப்பினர் தம் பணி அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிவந்து படிக்க வேண்டும் என்றும், கலந்துரையாடல் குறித்துவைக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தொழில் மறையாக ஒளித்துவைத்த அறிவு பொதுவுடைமையாயிற்று. 1828இல் அச்சங்கம் அரசப் பட்டயம் பெற்றது. இறக்கும் வரை அவரே தலைவராயிருந்தார்.

இரு குறைகள்

பெரியோர் வரலாற்றில் குறையை மறைத்தல் படிப்போர்க்குச் செய்யும் தீங்காம். பாண்ட்கசில்த்தே பாலத்தில் தலைமைப் பொறியாளராயிருந்தவர் வில்லியம் ஜெஸ்ஸப். இரும்புத் தொட்டித் திட்டத்தை ஏற்றுப் பொறுப்பைத் தாங்கியவரும் அவரே. டெல்போர்டு எழுதிவைத்து, அவர் மறைவிற்குப்பின் 1838இல் வெளிவந்த தன்வரலாற்றிலோ ஜெஸ்ஸப்புக்கு உரிய இடம் தரப்படவில்லை. உடனுழைத்தவர் பங்கை மறைப்பது, பிறர் பொருளைக் கவர்வதனின் வேறன்று.

மற்றொன்று, 1829இல் நிகழ்ந்தது. பிரிஸ்டல் நகரருகே கிளிப்டனில் பாலம் அமைக்கப் போட்டி வைத்தனர். இளைஞர் இசம்பார்டு புருனெல் உட்படப் பலர் வரைபடம் அனுப்பினர். நடுவராய் அழைக்கப்பட்ட டெல்போர்டு, மெனாய்ப் பாலத்தினும் நீண்ட தொங்கு பாலம் காற்றுக்கு நில்லாது என்று கருதி அனைத்தையும் தள்ளினார். மெனாய்ப் பாலம் புயலில் ஆடியதைக் கண்டவராதலால் அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அதன்பின், குழுவினர் கேட்க, தாமே ஒரு வரைபடம் தந்தார். நடுவரே போட்டியாளரானார். அவரது திட்டம் ஏற்கப்படவில்லை. மறுபோட்டியில் புருனெல் வென்றார். ஏறத்தாழ 700 அடி இடைவெளி கொண்ட அப்பாலம் 1864இல் திறக்கப்பட்டு நிலைத்து நிற்கிறது. அறிவிலும் நேர்மையிலும் சிறந்தவர்க்கே இத்தகைய சறுக்கல் நேர்ந்ததாயின், தன்னலம் குறுக்கிடும் இடத்தில் ஒருவர் நீதி வழங்கலாகாது என்னும் விதி எல்லார்க்கும் எவ்வளவு தேவை என்பது புலனாகும்.

முடிவுரை

திருமணம் செய்துகொள்ளாது தொழிலே வாழ்வாய்க் கழித்த டெல்போர்டு, 1834 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார். ஆட்டிடையர் மகனின் உடல், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பெருமக்கள் நடுவே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் வளர்த்த முறையைப் பின்பற்றிப் பல நாடுகளிலும் பொறியாளர் சங்கங்கள் தோன்றின. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920இல் நிறுவப்பட்டு 1935இல் அரசப் பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்கர்க்கு 1949இலும், வழக்கறிஞர்க்கு 1961இலும், கட்டடக் கலைஞர்க்கு 1972இலும் நம் நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. பதிவேட்டில் பெயர் ஏறுதற்குத் தகுதி வேண்டும். ஒழுக்கந் தவறின் விசாரணை உண்டு. பெயர் நீக்கப்படுதலும் உண்டு. இவை தொழிலாளரைக் கட்டும் தளை அல்ல. ஏழை எளியவர், தம்மால் சோதித்தறிய இயலாத ஒரு வல்லுநரை நம்புவதற்குத் தரப்படும் பிணை.

இளைஞர்களே! நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகி, ஒரு பள்ளிக் கட்டடத்தின் சான்றிதழில் கையொப்பமிட அமர்வீர். சாந்தில் சிமெண்டு குறைந்திருப்பது உங்கட்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் எதிரில் நிற்பார், மேலதிகாரி விரைவுபடுத்துவார். அவ்வேளையில், பட்டமில்லாத ஒரு முப்பது வயதுக் கல்தச்சர், நகைத்த அவையின் முன் தம் சொல்லில் உறுதியாய் நின்றதை நினைவிற் கொள்க. அக்கட்டடத்தின் கீழே அமர்ந்து படிக்கப்போகிறவர் நம் பிள்ளைகள்.