மொழிக் குடும்பத்தை அடையாளம் கண்ட சென்னை கலெக்டர்: யார் இந்த எல்லிஸ் துரை?

ரயிலில் போகும்போது விருத்தாசலம் ஜங்ஷனைப் பார்த்திருப்பீங்க. கொலு பொம்மை, பீங்கான் ஜாடி என்று செராமிக்குக்குப் பேர்போன ஊர். ஆனால் தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருமுதுகுன்றம். 'முது' என்றால் பழைய, 'குன்றம்' என்றால் மலை. சமஸ்கிருதத்தில் 'விருத்த' என்றால் முதிர்ந்த, 'அசலம்' என்றால் அசையாதது, அதாவது மலை. தமிழ்ப் பெயரை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெயர்ப் பலகையில் வடசொல் இருக்கிறது என்பதற்காக, இந்த ஊர்க்காரர்கள் பேசும் மொழியே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா? இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். 200 வருடங்களுக்கு முன்பு, இந்திய மொழிகளைப் படித்த ஐரோப்பியர்கள் பலர் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பினார்கள். தெலுங்கில் இத்தனை சமஸ்கிருதச் சொற்கள் இருக்கின்றனவே, அப்புறம் என்ன என்பது அவர்கள் வாதம். அது தப்பு என்று ஆதாரத்தோடு முதலில் அச்சில் காட்டியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ்.

கணக்கெழுத வந்தவர்

1777-ல் பிறந்த எல்லிஸ், 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய் வாரியம், மசூலிப்பட்டினத்தில் நீதிபதி வேலை, சுங்க கலெக்டர் என்று படிப்படியாக ஏறி, 1810-ல் சென்னை கலெக்டர் ஆனார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் கற்றார். 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. புதிதாக வரும் ஆங்கிலேய இளைஞர்களுக்கு ஊர் மொழி சொல்லிக்கொடுக்கும் இடம் அது.

பாடப்புத்தகங்கள் வழக்கமாக விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. எல்லிஸ் இதைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. கல்லூரியில் தெலுங்கு, சமஸ்கிருத ஆசிரியரான பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வேர்ச்சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சங்கரய்யாவும் துணை நின்றார். அதைவிட முக்கியம், கடன் சொல்லையும் சொந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பியமே இயற்சொல், வடசொல் என்று பிரிக்கிறது. தெலுங்கு இலக்கணக்காரர்கள் தத்சமம், தத்பவம், தேசியம் என்று பிரித்தார்கள். எல்லிஸ் கேட்ட கேள்வி எளிமையானது: கடன் வாங்கியதையெல்லாம் ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

செராமிக் ஊரில் இருந்துகொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழில் மண். மலையாளத்திலும் கன்னடத்திலும் மண்ணு. தெலுங்கில் மன்னு. சமஸ்கிருதத்தில் மிருத்திகா. எண்களுக்கு வாங்க. நம்ம மூன்று, மலையாளத்தில் மூந்நு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு, துளுவில் மூஜி. பெங்களூரு ஆபீஸில் பக்கத்து சீட்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் சமஸ்கிருதத்தில் 'த்ரி', ஆங்கிலத்தில் 'த்ரீ'. அந்த இரண்டும் தூரத்துச் சொந்தம். நாம் வேறு வீடு.

எல்லிஸ் ஓரிரு சொல்லோடு நிற்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அகரவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், சமஸ்கிருத வேர்களையும் எதிரே வைத்தார். பிறகு சொற்கள், அதன்பின் வாக்கியம் அமையும் விதம். மலையாளம், துளு, குடகு மொழிகளையும் இதே குடும்பத்தில் சேர்த்தார். எங்கோ வடக்கே ராஜ்மகால் மலைவாசிகளின் பேச்சுக்கும் இதோடு உறவு உண்டு என்று சொன்னார். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் அவர் பெயரில் தனி நூலாக வரவில்லை. 1816-ல் ஏ.டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையோடு ஒரு குறிப்பாக அச்சானது! 'திராவிட மொழிக் குடும்பம்' என்ற பெயரும் அவர் வைத்ததில்லை.

அடுப்புக்குப் போன ஏடுகள்

திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரை எழுதினார். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டவைத்தார். அதைச் சொல்லும் ராயப்பேட்டைக் கல்வெட்டில் ஒரு குறளும் இருக்கிறது.

எல்லிஸிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. 40 வயது வரை படிப்பு மட்டும், அதற்குப் பிறகுதான் நூல் வெளியிடுவது. அந்த வயதைத் தாண்டி ஓரிரு வருடத்திலேயே, 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில் இறந்துபோனார். காலரா என்று ஒரு குறிப்பு சொல்கிறது. தவறுதலாக நஞ்சை உட்கொண்டார் என்று இன்னொன்று. அவருடைய தாள்களில் பெரும்பகுதி மதுரை கலெக்டர் வீட்டுச் சமையல்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்பு பற்றவைக்கப் பயன்பட்டது என்று, பின்னாளில் வால்டர் எலியட் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார்.

1856-ல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. இந்தத் துறையில் முதலில் மண்ணைக் கிளறியவர் எல்லிஸ்தான் என்று கால்டுவெல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் கூடவே, அது சில சொற்களை ஒப்பிட்ட சுருக்கமான முயற்சி, அவ்வளவே என்றும் சொல்லிவிடுகிறார். வேர், சொல், வாக்கிய அமைப்பு என்று மூன்று படியாகப் போன ஒரு வேலைக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனமான பாராட்டுதான். கால்டுவெல்லின் நூல் தடிமனானது, அவர் பெயரிலேயே வந்தது. புகழும் அங்கேயே போனது.

தப்பித்த தாள்கள் எலியட் வழியாக ஜி.யு. போப்புக்குப் போய், கடைசியில் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் தங்கின. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் எல்லிஸைப் பற்றி முழு நூல் எழுதி வெளியிட்டது 2006-ல். கேம்பெல் புத்தகம் அச்சாகி அப்போது 190 வருடம் ஆகியிருந்தது.